பற்சீரமைப்புப் பொருள்களின் வலிமையும் நிறநிலைப்பும்

'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்பது நம் முன்னோர் வாக்கு. எழுத்துகளின் பிறப்பை உரைக்க வந்த தொல்காப்பியர், ஒலி உருப்பெறும் எட்டு இடங்களுள் பல்லையும் ஒன்றாக வைத்து எண்ணினார். நா நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கின்றன. மேற்பல் இதழோடு இயைய வகரம் பிறக்கிறது. முன்பல் உடைந்த ஒருவர் 'வாழ்வு' என்ற சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தால் போதும், அந்நூற்பாக்களின் நுட்பம் உரையாசிரியர் துணையின்றியே விளங்கிவிடும். எனவே, தமிழ்த்துறை மலரில் பல்லைப் பற்றி எழுத எமக்கு உரிமை உண்டா என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை எனக் கருதுகிறோம்.

எனினும் இக்கட்டுரை இயற்கைப் பல்லைப் பற்றியதன்று. சொத்தையாலோ விபத்தாலோ சிதைந்த பல்லை மருத்துவர் எப்பொருளால் அடைத்துச் சீராக்குகிறாரோ அப்பொருளைப் பற்றியது. எம் வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னால் ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டே வாசிக்கும் மாணவர் ஒருவர் இருந்தார். மிதிவண்டியிலிருந்து விழுந்து முனை உடைந்த முன்பல்லை அடைத்துக்கொண்டவர். அடைத்த நாளில் வேறுபாடே தெரியவில்லையாம். இரண்டாண்டுகளில் அப்பகுதி மட்டும் பழுத்த ஓலையின் நிறம் கொண்டுவிட்டது. "இவையெல்லாம் முன்கூட்டியே சோதிக்கப்படுவதில்லையா ஐயா?" என்று அவர் கேட்டார். சோதிக்கப்படுகின்றன, மிக விரிவாகவே சோதிக்கப்படுகின்றன. அச்சோதனைகள் யாவை, அவை எதனைச் சொல்லும், எதனைச் சொல்லமாட்டா என்பவற்றை இயன்ற வரையில் தமிழில் விளக்குவதே நம் நோக்கம்.

பொருள்களின் வரலாறு

பல்லைச் சீராக்கும் முயற்சி பழமையானது. ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, 'அத்தஸ்ரீஃப்' என்னும் தம் பெருநூலின் இறுதிப் பகுதியில், ஆடும் பற்களைப் பொற்கம்பியால் பிணைக்கும் முறையையும், மாட்டெலும்பைச் செதுக்கிப் பல் வைக்கும் முறையையும் எழுதியுள்ளார். வெள்ளிக் கம்பி சில நாள்களிலேயே நிறம் மாறிக் கெட்டுவிடும், பொன் மாறாது என்று காரணமும் காட்டுகிறார். வாய்க்குள் வைக்கும் பொருள் நிறம் மாறாதிருத்தல் வேண்டும் என்ற கருத்து ஆயிரமாண்டுகளுக்கு முன்பே ஒரு மருத்துவரின் பட்டறிவாக எழுத்தில் பதிவாகியிருப்பது நோக்கத்தக்கது.

19-ஆம் நூற்றாண்டிலிருந்து பரவலாக வழங்கியது அமால்கம். வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் கலவைப்பொடியைப் பாதரசத்தோடு குழைத்துப் பெறும் பொருள் இது. எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசமே. கடைவாய்ப்பல்லில் பல்லாண்டுகள் உழைக்கும். ஆனால் கருமை நிறத்தது. பாதரசம் சுற்றுச்சூழலுக்குத் தீங்கு செய்வதால், 2013-இல் நிறைவேறி 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இதன் பயன்பாட்டைக் குறைக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 சனவரி முதல் நாள்தொட்டு, மருத்துவத் தேவை பற்றிய சில விலக்குகள் நீங்கலாக, இதற்குத் தடை விதித்தது.

அமால்கத்தின் இடத்தை இன்று பெருமளவு பிடித்திருப்பது கம்போசிட் எனப்படும் கலப்புப்பொருள். இதன் தோற்றத்திற்கு இருவர் காரணர். அமெரிக்காவின் ராச்சஸ்டர் நகரில் மைக்கேல் புவோனகோர் என்பார், பாஸ்பாரிக் அமிலத்தால் பற்சிப்பியைச் சிறிது அரித்துவிட்டால் பிசின் அதில் உறுதியாகப் பற்றிக்கொள்ளும் என்பதை 1955-இல் காட்டினார். ரஃபேல் போவன் என்பார் 'பிஸ்-ஜி.எம்.ஏ.' என்னும் பிசினை உருவாக்கி 1962-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இப்பிசினுள் மிக நுண்ணிய கண்ணாடி அல்லது சிலிக்காத் துகள்கள் நிறைந்துள்ளன. எடையில் பாதிக்கு மேல் துகள்களே. சுண்ணாம்புக் காரையில் மணலும் செங்கல்தூளும் செய்யும் பணியை இதில் அத்துகள்கள் செய்கின்றன எனலாம். குழைவாகப் பல்லில் இட்டு, நீல ஒளியைக் காட்டினால் சில நொடிகளில் இறுகிவிடும். எம் மாணவரின் முன்பல்லில் இருந்ததும் இதுவே. இவையன்றி, ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் இலண்டனில் உருவாக்கி 1972-இல் வெளியிட்ட கண்ணாடி அயனோமர்ச் சிமெண்டும், தொப்பிகளுக்கு உதவும் பீங்கான், சிர்க்கோனியா முதலியனவும் உள. இக்கட்டுரை பெரும்பாலும் கம்போசிட்டையே பற்றிச் செல்லும்.

சோதனை எங்குத் தொடங்கியது?

1919-இல் அமெரிக்க இராணுவம், போர்வீரர்களின் பற்களை அடைக்க எந்த அமால்கம் தக்கது என்று அறிய விரும்பித் தம் நாட்டுத் தேசியத் தர அமைவகத்தை அணுகியது. அதுவரை விற்பவரின் வாய்ச்சொல்லே தரச்சான்று. அமைவகம் இப்பணியை வில்மர் சவுடர் என்ற இயற்பியலறிஞரிடம் ஒப்படைத்தது. அவர் பல் மருத்துவர் அல்லர், அளப்பதில் வல்லவர். கடையில் விற்ற அமால்கங்களை வாங்கி, அவை இறுகும்போது எவ்வளவு விரிகின்றன, சுருங்குகின்றன, எவ்வளவு சுமை தாங்குகின்றன என்று அளந்தார். பொருளுக்குப் பொருள் பெரும் வேறுபாடு இருப்பது வெளிப்பட்டது. 1928-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அதே அமைவகத்தில் ஆய்வாளர்களை அமர்த்தி இப்பணியைத் தொடர்ந்தது. (இதே சவுடர்தாம் பின்னாளில், உலகறிந்த லின்ட்பர்க் குழந்தைக் கடத்தல் வழக்கில் கையெழுத்து வல்லுநராகச் சாட்சியம் அளித்தார். நுணுகி நோக்கும் கண்ணுக்குப் பல்லும் ஒன்றே, எழுத்தும் ஒன்றே போலும்!)

இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவன பன்னாட்டுத் தர அமைப்பின் விதிகள். பிசின்வழிப் பொருள்களுக்கு உரியது ஐ.எஸ்.ஓ. 4049 என்னும் எண்ணுடையது.

வலிமை என்னும் சொல்

இவ்விடத்தில் தமிழ் மாணவர்கள் சற்று நிற்றல் வேண்டும். வலிமை, வன்மை, திண்மை, கடினம், உறுதி, உரம் என்னும் சொற்களைச் செய்யுளில் ஒன்றன் இடத்தில் ஒன்றாக வழங்குகிறோம். எதுகைக்கு எது பொருந்துமோ அது வரும், பொருள் கெடுவதில்லை. சோதனைக்கூடத்தில் அவ்வுரிமை இல்லை. கண்ணாடியைக் கத்தியால் கீற முடியாது. ஆயினும் அது கைதவறினால் நொறுங்குகிறது. மூங்கிலைக் கத்தி எளிதில் கீறும். ஆனால் அதை வளைத்து ஒடிப்பது அரிது. கீறலையும் அழுந்தலையும் எதிர்ப்பது கடினத்தன்மை. உடையுமுன் தாங்கும் தகைவின் அளவு வலிமை. சுமையின்கீழ் வளையாதிருப்பது விறைப்பு. சிறு விரிசல் தோன்றிய பின்னும் அது ஓடிப் பரவாமல் தடுப்பது முறிவெதிர்ப்பு. இந்நான்கும் வெவ்வேறு பண்புகள். வெவ்வேறு கருவிகளால் அளக்கப்படுவன. விளம்பரத்தாள் ஒன்று 'மிக உறுதியானது' என்று மட்டும் சொன்னால், நான்கில் எது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

அளவீட்டு அலகையும் சொல்லிவிடுவோம். தகைவை மெகா பாஸ்கலில் குறிப்பர். ஒரு சதுர மில்லிமீட்டர்ப் பரப்பில் ஒரு நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 100 கிராம் எடை, அழுத்துவது ஒரு மெகா பாஸ்கல். இயற்கைப் பற்சிப்பியின் அமுக்க வலிமை ஏறத்தாழ 384 மெகா பாஸ்கல் என்றும், அதன் உள்ளிருக்கும் டென்டீனின் அமுக்க வலிமை ஏறத்தாழ 297 என்றும் பாடநூல்கள் குறிக்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டர் பற்சிப்பி 39 கிலோ எடையைத் தாங்கவல்லது என்பது இதன் பொருள். படைத்தவனின் கைவண்ணத்திற்கு மனிதன் மாற்று வைப்பது எளிதன்று.

வளைத்து ஒடிக்கும் சோதனை

வாய்க்குள் அடைப்பு உடைவது பெரும்பாலும் அமுக்கத்தால் அன்று; இழுவிசையால். வீட்டு உத்திரத்தை எண்ணிப் பாருங்கள். மேலே சுமை ஏறும்போது உத்திரத்தின் மேற்பக்கம் அமுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. விரிசல் கீழ்ப்பக்கத்தில்தான் தொடங்கும். பிசினும் பீங்கானும் அமுக்கத்தை நன்கு தாங்கும்; இழுவைக்கு மெலியவை. எனவே வளைவு வலிமையே முதன்மையான சோதனையாயிற்று.

25 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் உயரமும் உடைய சிறு சட்டங்கள் வார்க்கப்படுகின்றன. ஈர்க்குச்சியின் துண்டு போன்ற அளவு. அவற்றை 37 பாகை செல்சியஸ், அதாவது உடல்வெப்ப நிலையில் உள்ள நீரில் ஒரு நாள் முழுதும் இட்டு வைப்பர். பின்னர் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்த இரு தாங்கிகளின்மேல் சட்டத்தைக் கிடத்தி, நடுவில் ஓர் உருளையால் மெல்ல மெல்ல அழுத்துவர். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 'யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின்' என்று வழங்கும் பொறி இதைச் செய்கிறது. அழுத்துமுனை இறங்கும் வேகம் நிமிடத்திற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சட்டம் ஒடியும் நொடியில் விசையின் அளவு பதிவாகும்.

கணக்கு எளிது. ஒடித்த விசையை இடைவெளியால் பெருக்கி, மீண்டும் மூன்றால் பெருக்குக. அகலத்தை உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் பெருக்கி, அதனை இரட்டித்து, அத்தொகையால் முன்னதை வகுக்குக. அரைக்கும் பரப்புகளை அடைக்க உதவும் ஒளியிறுகு பொருளுக்கு விதி கேட்கும் குறைந்த அளவு 80 மெகா பாஸ்கல். மேற்கண்ட அளவுகளை இட்டுப் பார்த்தால், அச்சிறு சட்டம் 21.3 நியூட்டன், அதாவது 2 கிலோவுக்குச் சற்று மிகுந்த எடையைத் தாங்கினால் தேறிவிடும் என்று தெரிகிறது. இரண்டு கிலோ என்றதும் எமக்கும் வியப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஈர்க்குத்துண்டு ஒன்றை இரு விளிம்புகளுக்கிடையில் வைத்து நடுவில் இரு கிலோ படிக்கல்லைத் தொங்கவிடுவதாக எண்ணினால் அதன் அருமை புலனாகும்.

இச்சூத்திரத்தில் உயரம் இருமடியாக வருவதை மாணவர்கள் கருத்தில் இருத்துதல் வேண்டும். சட்டத்தின் உயரத்தைப் பாதியாக்கினால் அது தாங்கும் எடை பாதியாகாது, கால்பங்காகும். இரு கிலோ தாங்கியது அரைக்கிலோவில் ஒடியும். மருத்துவர்கள் சொத்தைக்குழியைச் சுத்தம் செய்யும்போது நல்ல பல்லையும் சிறிது குடைகிறார்களே என்று சிலர் மனம் நோவதுண்டு. பொருளுக்குப் போதிய தடிமன் கிடைப்பதும் அதற்கொரு காரணமாக இருக்கலாம். அளப்பவருக்கும் இதிலோர் எச்சரிக்கை உண்டு: 2 மில்லிமீட்டர் என்று குறித்த உயரம் உண்மையில் 2.1 ஆக இருப்பின், முடிவில் 10 விழுக்காடு பிழை நேரும்.

தொப்பிகளுக்கான சிர்க்கோனியாவின் வளைவு வலிமை பெரும்பாலும் 900-க்கும் 1200-க்கும் இடைப்பட்டது. நான்கும் அதற்கு மேலும் பற்களை இணைக்கும் பாலங்களுக்கான பீங்கான்களுக்குத் தனி விதியொன்று 800 கேட்கிறது. கம்போசிட் அவ்வுயரத்தை எட்டுவதில்லை. அதனிடம் எவரும் அதை எதிர்பார்ப்பதும் இல்லை.

உருளையைக் குறுக்கே கிடத்தி அழுத்திப் பிளக்கும் சோதனை ஒன்றும் உண்டு. இதன் பிறப்பிடம் பல் மருத்துவமனை அன்று. பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோவில் அகன்ற சாலை அமைக்கும்போது பழைய தேவாலயம் ஒன்று குறுக்கே நின்றது. அதைக் கான்கிரீட் உருளைகளின்மேல் ஏற்றி அப்படியே நகர்த்திவிடலாம் என்று திட்டமிட்டனர். அவ்வுருளைகளைச் சோதித்த பொறியாளர் லோபோ கார்னெய்ரோ, பக்கவாட்டில் கிடத்தி அழுத்திய உருளை நேர்க்கோட்டில் இரண்டாகப் பிளப்பதைக் கண்டு, அதிலிருந்து இழுவலிமையைக் கணிக்கும் வழியை 1943-இல் வகுத்தார். தேவாலயம் நகர்த்தப்படவில்லை; இடிக்கப்பட்டது. சோதனை மட்டும் 'பிரேசில் சோதனை' என்ற பெயரோடு உலகெங்கும் நகர்ந்து, சுண்டுவிரல் நகமளவு பற்பொருள் வட்டுகள் வரை வந்து சேர்ந்தது.

கடினத்தன்மையை அளக்க, வைர முனையால் பரப்பை அழுத்திப் பதியும் தழும்பின் அளவைப் பார்ப்பர். இதற்கான முறைகளுள் ஒன்றை 1939-இல் உருவாக்கிய ஃபிரெடெரிக் நூப் என்பாரும் சவுடர் பணியாற்றிய அதே அமைவகத்தைச் சேர்ந்தவரே. அவர் பெயரால் வழங்கும் அளவுகோலில் பற்சிப்பி ஏறத்தாழ 343, டென்டீன் ஏறத்தாழ 68. அடைப்புப்பொருள் மிகக் கடினமாயிருந்தால் எதிர்ப்பல் தேய்ந்துவிடும் என்று பலரும் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. கரடான பரப்பே மிகுதியும் தேய்க்கிறது. நன்கு மெருகிட்ட சிர்க்கோனியா, மெருகு போன பீங்கானைவிட எதிர்ப்பல்லுக்கு நல்லது.

சராசரியும் கடைசியும்

சோதனை முடிவைச் சராசரியாகச் சொல்வது வழக்கம். அதில் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. இரு பொருள்களைக் கற்பனை செய்வோம். இரண்டின் சராசரி வலிமையும் 120. முதற்பொருளின் சட்டங்கள் 110-க்கும் 130-க்கும் இடையிலேயே ஒடிந்தன. மற்றதன் சட்டங்கள் சில 80-இல் ஒடிந்தன, சில 160 வரை தாங்கின. எதைத் தெரிவு செய்வது? தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு இதன் விடை தெரியும். வகுப்பின் சராசரி நன்றாக இருப்பது தோல்வியுற்ற மாணவருக்கு ஆறுதலாகாது. உம்முடைய பல்லில் இருப்பது ஒரே ஓர் அடைப்பு. அது 80-இல் ஒடியும் துண்டாகவும் இருக்கக்கூடும்.

நொறுங்கும் இயல்புடைய பொருள்களில் உள்ளிருக்கும் மிகப்பெரிய குறையே, அதாவது ஒரு காற்றுக்குமிழியோ நுண்விரிசலோ, முறிவைத் தீர்மானிக்கிறது. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே ஆவது போல. சுவீடன் நாட்டு அறிஞர் வலோடி வெய்புல் இக்கருத்தை 1939-இல் கணித வடிவில் தந்தார். அவர் பெயரால் வழங்கும் எண் உயர்ந்திருந்தால் பொருள் ஒரு சீராக ஒடியும், தாழ்ந்திருந்தால் நம்பகம் குறைவு என்று கொள்க. ஆய்வேடுகளைப் படிக்கும் மாணவர்கள் சராசரியைப் பார்ப்பதற்கு முன் இவ்வெண்ணைப் பார்த்தல் நலம்.

ஒரே தடவையில் ஒடிப்பது ஒன்று. நாள்தோறும் மெல்லுவது வேறு. இரும்புக்கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் சிறுவிசையிலேயே ஒடிவதை நாம் அறிவோம். ஆகவே மெல்லும் பொறிகளை அமைத்து, 49 நியூட்டன் விசையோடு 12 இலட்சம் தடவை அரைக்கச் செய்து, அதனை வாயில் ஐந்தாண்டு உழைப்புக்கு இணையாகக் கொள்கின்றனர். வெப்பமும் ஒரு சோதனை: 5 பாகைக் குளிர்நீரிலும் 55 பாகை வெந்நீரிலும் மாறி மாறி முக்கி எடுப்பது. இவ்வாறு 10,000 சுற்றுகள் ஏறத்தாழ ஓராண்டுக்குச் சமம் என்று 1999-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு பெரிதும் எடுத்தாளப்படுகிறது. சூடான சுலைமானி தேநீரும் உடனே குளிர்ந்த சர்பத்தும் அருந்தும் நம் விருந்துகளை நினைத்துக்கொண்டால் இச்சோதனையின் தேவை தெரியும்.

நிறம் மாறாமை

வலிமையைப் பொறி அளக்கும். நிறம் என்பது பொருளிலும் ஒளியிலும் காண்பவர் கண்ணிலும் பகிர்ந்து கிடப்பது. முல்லை, முத்து என்று பல்லுக்கு உவமை சொல்லிப் பழகிய நாம், முத்தின் நிறம் எது என்று கேட்டால் திகைப்போம்.

1956 முதல் புழக்கத்திலுள்ள வீட்டா நிறவழிகாட்டியில் 16 நிறங்களில் பல்மாதிரிகள் உள. ஏ என்னும் வரிசை செம்பழுப்புச் சாயல், பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். மருத்துவர் இவற்றை உம் பல்லருகே வைத்து ஒப்பிடுகிறார். ஆய்வாளர்க்கு இது போதாது. ஒளியமைப்புக்கான பன்னாட்டு ஆணையம் 1976-இல் வகுத்த முறைப்படி, எந்த நிறத்தையும் மூன்று எண்களால் குறிக்கலாம். முதலாவது வெளிச்சம்; கருமைக்குச் சுழியம், வெண்மைக்கு நூறு. இரண்டாவது சிவப்புக்கும் பச்சைக்கும் இடையில் எங்கே என்பது. மூன்றாவது மஞ்சளுக்கும் நீலத்திற்கும் இடையில் எங்கே என்பது. நிறமாற்றம் என்பது பழைய இடத்திற்கும் புதிய இடத்திற்கும் உள்ள தொலைவு. ஓர் அடைப்பின் வெளிச்சம் 2 குறைந்து, சிவப்பு 1 கூடி, மஞ்சள் 2 கூடியிருப்பின், அவற்றின் இருமடிகளைக் கூட்ட 9. அதன் வர்க்கமூலம் 3. 'டெல்ட்டா ஈ' என்று குறிக்கப்படும் நிறவேறுபாடு இதுவே.

3 என்பது பெரிதா, சிறிதா? பல நாடுகளைச் சேர்ந்தோரைக் கொண்டு நிகழ்த்தி 2015-இல் வெளியான ஆய்வின்படி, 1.2 அளவு வேறுபாட்டைக் காண்போரில் பாதிப்பேர் கண்டுகொள்கின்றனர், 2.7-ஐப் பாதிப்பேர் ஏற்பதில்லை. அதற்கு முன் 3.3, 3.7 என்னும் எல்லைகள் வழங்கின. ஆகவே பழைய ஆய்வு ஒன்று 'ஏற்கத்தக்க மாற்றமே' என்று தேற்றிய பொருள், இன்றைய அளவுகோலில் தேறாமற் போகலாம். எல்லை மாறியது, பல் மாறவில்லை.

நிறநிலைப்புக்கான அடிப்படைச் சோதனை எளியது. சிறு வட்டின் ஒரு பாதியை அலுமினியத் தாளால் மூடி, 37 பாகை நீரில் இருத்தி, நண்பகல் வெயிலை மிஞ்சும் 1,50,000 லக்ஸ் அளவுள்ள செனான் விளக்கொளியில் ஒரு நாள் வைப்பர். பின்னர் மூடிய பாதியையும் மூடாத பாதியையும் நிறப்பார்வைக் குறையற்ற மூவர் கண்ணால் ஒப்பிட்டுச் சொல்வர். இத்தனைக் கருவிகள் வந்த பின்னும் இறுதித் தீர்ப்பை மூன்று கண்சாட்சிகளிடம் ஒப்படைத்திருப்பது எமக்குப் பிடித்திருக்கிறது. பல்லைப் பார்க்கப்போவது கருவி அன்றே.

இது பொருளின் உள்ளிருந்து எழும் நிறமாற்றத்தைக் காட்டும். ஒளியால் இறுகச் செய்யும் கேம்ஃபர்குயினோன் என்ற பொருளே மஞ்சள் நிறத்தது. அதன் துணைப்பொருளாகிய அமீன்கள் காலப்போக்கில் உயிரகமேறி மஞ்சளாகும். வெளியிலிருந்து ஏறும் கறைக்கு வேறு சோதனை. வட்டுகளைக் காபி, தேநீர், கோலா, செந்திராட்சை மது முதலியவற்றில் ஊறவைத்து, முன்னும் பின்னும் நிறத்தை அளப்பர். (இறுதியாகக் கூறியது பற்றி நம் வாசகர் கவலைகொள்ள வேண்டியதில்லை.) ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 3.2 கோப்பை, கோப்பைக்குக் கால்மணி நேரம் என்று கணக்கிட்டு, 24 மணி நேரம் காபியில் ஊறுவது ஒரு மாதக் காபிப் பழக்கத்திற்கு நிகர் என்று கொள்வர். தேநீர்க் கறை பெரும்பாலும் மேற்பரப்பிலேயே படிவதால் துலக்கினால் பெரிதும் நீங்கும். காபிக் கறை பிசினுக்குள்ளும் ஊடுருவுவதால் அத்துணை எளிதில் நீங்காது.

மேலைநாட்டுச் சோதனைக் கூடங்களில் காபியும் மதுவும் பெற்ற இடத்தை இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் மஞ்சள் பெற்றது. அதன் நிறப்பொருளாகிய குர்குமின் பிசினுக்குள் எளிதில் புகும். இங்கு நிகழ்ந்த பல ஆய்வுகளில் மிகுந்த கறை ஏற்றியவற்றுள் மஞ்சளே முன்நிற்கிறது. குழம்பு சிந்திய வெள்ளைச் சட்டையை வெயிலில் உலர்த்தினால் கறை மங்குவதை இல்லத்தரசிகள் அறிவர். குர்குமின் ஒளியில் சிதைவதே அதன் காரணம். வாய்க்குள் அவ்வெயில் நுழைவதில்லை. காபிக்கு வகுத்த '24 மணி நேரம் ஒரு மாதம்' என்ற கணக்கை, மூன்று வேளையும் குழம்பும் குருமாவும் உண்ணும் நமக்கு அப்படியே பொருத்தவும் இயலாது. மஞ்சள் உண்ணாத நாட்டில் 'நிறம் மாறாதது' எனச் சான்று பெற்ற பொருளை நம்மூரில் முன்பல்லுக்கு வாங்குபவர் இதை அறிந்திருத்தல் வேண்டும். உள்ளூர் உணவுகளைக் கொண்டு சோதிக்கும் இந்திய ஆய்வுகளை வெறும் பட்டத்திற்கான பயிற்சி என்று சிலர் குறைத்துப் பேசுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை.

கைத்திறனும் ஒளியும்

வலிமையும் நிறநிலைப்பும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அதுவே இறுகலின் நிறைவு. நீல ஒளி உள்ளே இறங்க இறங்க மெலிகிறது. அடிப்பகுதி அரைகுறையாக இறுகினால் வலிமையும் குறையும், நீரையும் சாயத்தையும் மிகுதியாக உறிஞ்சும். இதற்கான சோதனை மிகவும் எளியது. உருளை வடிவ அச்சில் பொருளை நிரப்பி ஒரு பக்கம் மட்டும் ஒளி காட்டுவர். அச்சிலிருந்து எடுத்து, இறுகாத மென்பகுதியைச் சுரண்டித் தள்ளி, எஞ்சியதன் நீளத்தை அளந்து பாதியாக்குவர். வந்த விடை சாதாரணப் பொருளுக்கு 1.5 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. எஞ்சியது முழுவதையும் ஏற்காமல் பாதியை மட்டுமே ஏற்பது, கெட்டியாகத் தோன்றுவதெல்லாம் முற்ற இறுகியதன்று என்ற எச்சரிக்கையினால்தான்.

இதனால், வழக்கமான கம்போசிட்டைப் பெரும்பாலும் 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத படலங்களாக இட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுகச்செய்வர். ஒளிக்கருவியின் முனையில் பழைய பிசின் ஒட்டியிருந்தாலோ, விளக்கு மங்கியிருந்தாலோ, அவசரத்தில் நொடிகள் குறைந்தாலோ, சோதனைக்கூடத்தில் 130 காட்டிய பொருள் வாயில் அவ்வாறு இராது. மெருகிடுதலும் அத்தகையதே. தெளிதாளை அழுத்தி எடுத்த பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருப்பினும், அதில் பிசின் மிகுந்திருப்பதால் கறை விரைவில் ஏறும். அதைச் சீவி மெருகிட்ட பரப்பே நிறம் காக்கும். எம் மாணவரின் அடைப்பு ஏன் பழுத்தது என்பதற்குப் பொருளைக் காட்டிலும் இவற்றுள் ஒன்றே காரணமாயிருக்கலாம் என்று அவரைப் பின்னர் பார்த்த மருத்துவர் கூறினார். மேற்பரப்பை மட்டும் சிறிது சீவிப் புதுப்படலம் இட்டு, மெருகிட்டுக் கொடுத்தார். முழுதும் பெயர்த்தெடுக்க வேண்டிய தேவை நேரவில்லை. அடைப்பின் நிறம் மாறியவர்கள் பலருக்கு இவ்வழி உண்டு என்பது பரவலாகத் தெரிவதில்லை.

கடைவாயில் இட்ட கம்போசிட் அடைப்புகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை கெடுவதாகப் பெரும்பாலும் கூறுகின்றன. கெடுவதற்கு முதன்மைக் காரணங்கள் இரண்டு: ஒடிதல், அடைப்பின் ஓரத்தில் மீண்டும் சொத்தை விழுதல். முன்னதை வளைவுச் சோதனை ஓரளவு முன்னுரைக்கும். பின்னதை எந்தப் பொறியும் முன்னுரைக்காது. அது உண்பவரின் இனிப்புப் பழக்கத்தையும் துலக்கும் பழக்கத்தையும் பொறுத்தது.

முன்பல் அடைக்கச் செல்வோர்க்குச் செய்முறைக் குறிப்பு ஒன்றும் உண்டு. நிறம் தெரிவு செய்வது பல்லை உலர்த்துவதற்கு முன் நிகழ வேண்டும். உலர்ந்த பல் வெளுத்துக் காட்டும், எச்சில் ஊறிய பின்னரே மெய்ந்நிறம் திரும்பும். குழல்விளக்கின்கீழ் ஒத்துத் தோன்றிய இரு நிறங்கள் பகலொளியில் பிரிந்து தோன்றுவதும் உண்டு. துணிக்கடையில் சேலைக்கு ரவிக்கைத்துணி எடுக்கும் பெண்கள் இரண்டையும் வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பது இதனாலேயே. பல் மருத்துவரிடமும் அவ்வாறே, பிற்பகலுக்கு முன்னதாகச் சென்று, சன்னலருகே வைத்து நிறம் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். நல்ல மருத்துவர் எவரும் அதற்கு முகம் சுளிப்பதில்லை.